வாக்கெண்ணும் செலவைக் கேட்டவர்களின் கதை

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

ஒவ்வொரு தேர்தலும் முடிந்த கையோடு நம் நாட்டில் ஒரு பேச்சு எழும்பும். "இவ்வளவு காசைக் கொட்டி, இத்தனை உத்தியோகத்தரை இரவிரவாக முழிக்க வைத்து, இன்னும் கையாலேயா எண்ணுவது? இந்தியாவைப் பாருங்கோ. நாங்களும் மெஷினைக் கொண்டுவந்தால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம்." சந்தியிலும் கேட்கிறோம், ஆசிரியர் அறையிலும் கேட்கிறோம். சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்.

ஆனால் "காசு மிச்சம்" என்று சொல்வதற்கு இரண்டு தொகைகள் கையில் இருக்க வேண்டும். கையால் எண்ண எவ்வளவு போகிறது, மெஷினால் எண்ண எவ்வளவு போகும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் நம்மில் யார்? கடையில் ஒரு மூட்டை சீமெந்து வாங்கினாலும் பில்லைக் கேட்கிற நாம், நம் வாக்கை எண்ணும் பில்லைக் கேட்டதில்லை.

உலகத்தில் வேறு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். கேட்டபோது என்ன வெளியே வந்தது, கேட்கப் பிந்தியபோது என்ன நடந்தது என்பதே இந்தப் பதிவு. கடைசியில் நாம் என்ன செய்யலாம் என்பதையும் எழுதியிருக்கிறோம்.

*நம் ஊரும் வாக்கெண்ணலும்*

முதலில் நம் சொந்தக் கதை. உடுப்பிட்டி என்ற பெயரில் தனித் தேர்தல் தொகுதி 1960 இல் இருந்து இருந்தது. 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977 என ஐந்து பொதுத் தேர்தல்களில் நம் ஊர் தன் பிரதிநிதியைத் தானே தெரிந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. முதல் மூன்று முறையும் மு. சிவசிதம்பரம், 1970 இல் கா. ஜெயக்கொடி, 1977 இல் த. இராசலிங்கம். அந்தக் காலத்து எண்ணல் எளிது. ஒருவருக்கு ஒரு புள்ளடி, கூடிய வாக்கு எடுத்தவர் வென்றவர்.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1989 பொதுத் தேர்தலில் இருந்து உடுப்பிட்டி, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் ஒரு பிரிவு மட்டும்தான். விருப்பு வாக்கும் கூடவே வந்தது. கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு அதே சீட்டில் வேட்பாளர் இலக்கங்களுக்கு மூன்று வரை. எண்ணும் வேலை இரண்டு மடங்கானது. கட்சி வாக்கை எண்ணி முடித்துவிட்டு, அதே சீட்டுகளைத் திரும்ப எடுத்து விருப்பு வாக்கை எண்ண வேண்டும். கடமைக்குப் போய் விடியற்புறம் திரும்பிவந்த ஆசிரியர்களைக் கேட்டால் அந்த இரவின் நீளத்தைச் சொல்வார்கள்.

எண்ணலில் நம்பிக்கை போனால் என்ன நடக்கும் என்பதும் யாழ்ப்பாணத்துக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். யாழ் நூலகம் எரிந்து சில நாட்கள்கூட ஆகவில்லை. பயிற்சி பெற்ற அலுவலர்களைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். வாக்குப்பெட்டிகள் சில காணாமற் போயின. அதற்குப் பிந்திய காலத்தில் எண்ணுவதற்கே வாக்கு இல்லாத தேர்தலையும் பார்த்தோம். 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 1.2 பேர் அளவில்தான். 2020 ஓகஸ்டில், யாழ் மத்திய கல்லூரியில் விருப்பு வாக்கு எண்ணி முடிவு வரப் பிந்திய அந்த இரவில், வாசலில் பதற்றம் கூடி அதிரடிப் படை இறங்க வேண்டி வந்தது.

எங்கள் முஸ்லிம் சமூகத்தின் நினைவு இன்னொரு விதமானது. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, வடக்கு வாக்காளர்களாகவே புத்தளத்தில் விசேட வாக்குச்சாவடிகளில் வரிசையில் நின்றவர்கள் எம்மவர். இடாப்பில் பெயர் இருக்கிறதா, போட்ட வாக்கு எங்கே போய் எண்ணப்படுகிறது என்ற கேள்வி அவர்களுக்கு ஒவ்வொரு தேர்தலிலும் இருந்தது. எங்கள் மார்க்கத்தில் அமானிதம் என்று ஒரு சொல் உண்டு. நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டிய பொருள். வாக்கும் அப்படித்தான், அதை எண்ணச் செலவழிக்கும் பொதுப்பணமும் அப்படித்தான்.

*லண்டன்: மெஷின் மலிவா?*

இனி நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் வாழும் லண்டனுக்குப் போவோம். அங்கே 2000 மே மாதம் முதலாவது மேயர் தேர்தல். மேயருக்கு முதல் தெரிவு, இரண்டாம் தெரிவு, சபைக்குத் தொகுதி வாக்கு, பட்டியல் வாக்கு என்று ஒருவர் பல புள்ளடி போட வேண்டும். நம் விருப்பு வாக்கைப் போலவே சிக்கல். கையால் எண்ணினால் நாட்கணக்கில் இழுக்கும் என்று சொல்லி, வாக்குச்சீட்டை ஸ்கேனரில் விட்டு எண்ணும் முறையைத் தொடங்கினார்கள். வாக்களிப்பது கடதாசியில், எண்ணுவது மெஷினில். இதைத்தான் மின்னணு வாக்கெண்ணல் என்கிறோம். பொத்தானை அமத்தி வாக்களிக்கும் இந்திய மெஷின் வேறு, இது வேறு.

2007 மே மாதம் பிரித்தானியாவுக்குச் சோதனை மாதம். ஸ்கொட்லாந்தில் பாராளுமன்றத்துக்கும் உள்ளூராட்சிக்கும் ஒரே நாளில் தேர்தல் வைத்து, மெஷினால் எண்ணினார்கள். சுமார் 1,46,000 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. விசாரணை வைத்துப் பார்த்தபோது பெரும் பிழை வாக்குச்சீட்டின் வடிவமைப்பிலும் அவசர ஏற்பாடுகளிலும் இருந்தது தெரிந்தது. ஆனால் எண்ணும் இடங்களிலும் மெஷின் தடங்கி, முடிவுகள் பிந்தின. அதே நாளில் இங்கிலாந்தின் சில உள்ளூராட்சிப் பகுதிகளிலும் பரீட்சார்த்தமாக மெஷின் எண்ணல் நடந்தது. பிரெக்லண்ட் போன்ற இடங்களில் இடைநடுவில் மெஷினைக் கைவிட்டுவிட்டுக் கையால் எண்ணி முடித்தார்கள்.

பிரித்தானியத் தேர்தல் ஆணைக்குழு அந்த ஓகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. சோதனை போதாது என்றது. கொடுத்த காசுக்கு ஏற்ற பலன் கிடைத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. "மெஷின் மலிவு" என்ற பேச்சுக்கு அடியில் கணக்கே இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2008 மேயர் தேர்தல். அலெக்சாந்திரா மாளிகை, ஒலிம்பியா, எக்செல் ஆகிய மூன்று மண்டபங்களில் ஸ்கேனர்கள் ஓடின. ஓப்பன் ரைட்ஸ் குரூப் என்ற சிவில் அமைப்பு அவதானிப்பாளர்களை அனுப்பியது. முடிவு சரியா பிழையா என்று நம்பிக்கையோடு சொல்வதற்குப் போதிய ஆதாரம் பார்வையாளருக்குக் கிடைக்கவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். மெஷின் களவு செய்தது என்று அவர்கள் சொல்லவில்லை. "எங்களுக்குப் பார்க்க முடியவில்லை" என்றுதான் சொன்னார்கள்.

அதன் பிறகு கேள்வி செலவின் பக்கம் திரும்பியது. பிரித்தானியாவில் தகவல் சுதந்திரச் சட்டம் 2005 ஜனவரி 1 இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. மெஷினால் எண்ண எவ்வளவு, கையால் எண்ணினால் எவ்வளவு, ஒப்பீடு செய்த அறிக்கை எங்கே என்று கேள்விகள் போயின. 2012 தேர்தலுக்கு முன்னர் வெளிவந்த ஒப்பீட்டுக் கணக்கில், கையால் எண்ணுவதுதான் மலிவு என்று இருந்தது. அப்படியிருந்தும் மெஷினையே தெரிந்தார்கள். வேகம், சிக்கலான வாக்குச்சீட்டு என்று காரணம் சொன்னார்கள். அது ஒரு நியாயமான வாதமாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு "காசு மிச்சம்" என்று ஒருவரும் லண்டன்காரருக்குச் சொல்ல முடியவில்லை. கடதாசி வெளியே வந்துவிட்டது.

2024 இல் மேயர் தேர்தல் முறையை ஒற்றைத் தெரிவாக மாற்றியதும் லண்டன் கை எண்ணலுக்கே திரும்பியது.

*அயர்லாந்து: கேட்கப் பிந்தியவர்கள்*

லண்டனுக்குப் பக்கத்து நாட்டின் கதை இன்னும் பாடமானது. அயர்லாந்து அரசு, பொத்தான் அமத்தி வாக்களிக்கும் மெஷின்களை நெதர்லாந்தின் நெடாப் கம்பனியிடம் வாங்கியது. 2002 இல் சில தொகுதிகளில் பரீட்சித்தார்கள். பிறகு நாடு முழுவதுக்குமாகச் சுமார் 7,500 மெஷின்கள். 2004 ஏப்ரலில் சுயாதீன ஆணைக்குழு ஒன்று, இந்த முறையின் துல்லியத்தையும் இரகசியத்தையும் எங்களால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று சொன்னதும் திட்டம் நின்றது. நாடளாவிய தேர்தல் ஒன்றுக்குக்கூட அந்த மெஷின்கள் பயன்படவில்லை.

ஆனால் வாங்கியது வாங்கியதுதான். அவற்றை வைக்கக் களஞ்சியம் வேண்டும். சில இடங்களில் நீண்டகாலக் குத்தகைக்குக் கட்டடம் எடுத்திருந்தார்கள். ஓடாத மெஷினுக்கு ஆண்டுதோறும் வாடகை. பாராளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்டபோதுதான் தொகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மொத்தச் செலவு சுமார் 5 கோடி 40 இலட்சம் யூரோ. 2012 இல் எல்லாவற்றையும் பழைய இரும்புக்கு விற்றார்கள். கிடைத்தது சுமார் 70,000 யூரோ. ஒரு மெஷினுக்குப் பத்து யூரோகூட இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் இந்தக் கதை விளங்காது. களஞ்சியம், காவல், பராமரிப்பு, மென்பொருள், பரிசோதனை, பழசானால் மாற்றீடு எல்லாம் சேர்ந்ததுதான் மெஷினின் விலை. நம் வீட்டில் தண்ணீர் மோட்டர் வாங்கினவருக்கு இது புதுப் பாடம் அல்ல.

அதே நெடாப் கம்பனியின் மெஷின்களை ஜேர்மனியும் 2005 தேர்தலில் பயன்படுத்தியது. 2009 மார்ச் 3 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பயன்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. வாக்களிப்பிலும் எண்ணலிலும் முக்கியமான படிகளை, விசேட தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரண குடிமகனும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். நெதர்லாந்தும் 2008 இல் கடதாசிக்குத் திரும்பியது.

*இந்தியா: எழுத்தாளர் சுஜாதாவின் மெஷின்*

"இந்தியாவைப் பாருங்கோ" என்பவர்களுக்காக இந்தியாவையும் பார்ப்போம். நாம் நூலகத்தில் எடுத்து எடுத்து வாசித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளர். இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கிய பங்கு உண்டு. அந்த வகையில் அது தமிழன் கை பட்ட பொருள்தான்.

அது முதலில் ஓடியது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். சிவன் பிள்ளை 123 வாக்கால் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் நீதிமன்றம் போனார். தேர்தல் சட்டத்தில் வாக்குச்சீட்டு என்றுதான் இருக்கிறது, மெஷினுக்கு இடமே இல்லை என்று 1984 இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 50 சாவடிகளிலும் திரும்ப வாக்குப்பதிவு. இம்முறை வென்றவர் ஜோஸ். பிறகு 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். 1998 இல் சில தொகுதிகள், 2001 இல் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்கள் முழுவதும், 2004 இல் நாடு முழுவதும் என்று படிப்படியாக மெஷின் வந்தது. சட்டம் முன்னுக்கு, மெஷின் பின்னுக்கு என்ற ஒழுங்கு ஒரு வேட்பாளர் வழக்குப் போட்டபடியால் வந்தது.

விலை விவரத்துக்கு வருவோம். இந்தியத் தேர்தல் ஆணையமே வெளியிட்டிருக்கும் விவரப்படி, 1989-90 இல் வாங்கிய மெஷின் ஒன்று சுமார் 5,500 இந்திய ரூபாய். 2006 முதல் 2010 வரை வாங்கிய வகை 8,670. அதற்கு அடுத்த வகை சுமார் 17,000. இதற்கிடையில் "நான் அமத்தினது நான் நினைத்தவருக்குத்தான் விழுந்ததா?" என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். 2013 ஒக்டோபர் 8 இல் இந்திய உச்ச நீதிமன்றம், வாக்கைக் கடதாசியில் அச்சடித்துக் காட்டும் இன்னொரு கருவியும் தேவை என்றது. 2017 ஏப்ரலில் அந்தக் கருவிகளில் 16.15 இலட்சம் வாங்க மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 3,173.47 கோடி ரூபாய். கடதாசியை ஒழிக்க வந்த மெஷினுக்குப் பக்கத்தில், கடதாசி அடிக்க இன்னொரு மெஷின்.

மெஷினின் ஆயுள் 15 ஆண்டு. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒன்றாகத் தேர்தல் வைத்தால், 15 ஆண்டுக்கு ஒருமுறை புது மெஷின் வாங்கவே சுமார் 10,000 கோடி ரூபாய் தேவைப்படும் என்று ஆணையம் அரசுக்கு எழுதியதாக 2024 ஜனவரியில் செய்தி வந்தது.

இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு முன்னரே, 1997 இல், இந்திய மாநிலங்களில் முதலாவதாக இப்படி ஒரு சட்டம் போட்டது தமிழ்நாடு. இந்தச் சட்டத்தைக் கொண்டு எத்தனை மெஷின் வாங்கினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஆணையத்திடமும், மெஷின் செய்யும் இரண்டு அரச நிறுவனங்களிடமும் தனித்தனியே கேட்டார்கள். மூன்று இடத்துப் பதிலும் ஒத்துப்போகவில்லை என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் 2018 இல் பொதுநல வழக்கு வந்தது. மெஷின் ஒன்றும் காணாமற் போகவில்லை என்று ஆணையம் மறுத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஒரே கேள்வியை மூன்று இடத்தில் கேட்டு, பதில்களை ஒப்பிட்டுப் பார்த்த அந்த முறையை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

*நம் நாடு: செலவைக் காட்டித் தேர்தலை நிறுத்திய கதை*

இனி நம் வீட்டு வாசல். 2023 மார்ச் 9 உள்ளூராட்சித் தேர்தல் என்று அறிவித்தார்கள். வேட்புமனு எடுத்தாகிவிட்டது, கட்டுப்பணம் கட்டியாகிவிட்டது. செலவு சுமார் 1,000 கோடி ரூபாய், பத்து பில்லியன் என்று மதிப்பிட்டிருந்தார்கள். வரவுசெலவுத் திட்டத்திலும் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் திறைசேரி காசை விடவில்லை. காசு வராமல் வாக்குச்சீட்டு அச்சடிக்க முடியாது என்றது அரச அச்சகம். பெப்ரவரியில் நடக்க இருந்த தபால்மூல வாக்களிப்பு நின்றது. தேர்தல் ஏப்ரல் 25 க்குத் தள்ளிப் போனது. பிறகு அதுவும் போய்விட்டது. இடையில் 2023 மார்ச் 3 இல், ஒதுக்கிய நிதியைத் தடுத்து வைக்கக்கூடாது என்று நம் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவும் போட்டது. அப்படியும் நடக்கவில்லை.

2023 மார்ச் 19 உடன் சபைகளின் காலம் முடிந்தது. நம் பிரதேச சபையும் அதிகாரிகள் கைக்குப் போனது. ஒழுங்கைக்கு விளக்குப் போடச் சொல்லவும், மழைக்கு வாய்க்கால் துப்புரவாக்கச் சொல்லவும் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர் இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தோம். 2024 ஓகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தலை நடத்தாமல் விட்டதில், நிதி அமைச்சராகவும் இருந்த அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க உட்பட்டவர்கள் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்பது தீர்ப்பு. தேர்தல் நடந்தது 2025 மே 6 இல்.

இதில் இருந்து நாம் எடுக்க வேண்டியது இதுதான். "செலவு" என்ற ஒற்றைச் சொல்லால் நம் வாக்கை இரண்டு ஆண்டு முடக்க முடிந்தது. அந்தப் பத்து பில்லியன் எதற்கு எதற்கு என்று பிரித்துக் கேட்டு, ஊரறிய வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? அச்சடிக்க எவ்வளவு, பொலிசுக்கு எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு, எண்ண எவ்வளவு? பிரித்துத் தெரியாத தொகையை யாரும் எப்படியும் சொல்லிப் பயமுறுத்தலாம். நாளைக்கு அதே சொல்லைத் திருப்பிப் போட்டு, "செலவைக் குறைக்க மெஷின்" என்றும் விற்கலாம்.

கை எண்ணல் முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் 38 வேட்பாளர்கள் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டு இரண்டு அடிக்கு மேல் நீளம். பதிவான வாக்கு 1 கோடி 30 இலட்சத்துக்கு மேல். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், நம் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கையும் எண்ண வேண்டி வந்தது. எல்லாம் கையால்தான். மறுநாள் இரவுக்குள் முடிவு வந்துவிட்டது. எண்ணியவர்களில் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் இருந்தார்கள். கட்சி முகவர் முன்னால் நின்று பார்க்க, சந்தேகமான சீட்டைத் தூக்கிக் காட்டி, கட்டுக்கட்டாக எண்ணும் அந்த முறையில் மெதுவு இருக்கிறது, அலுப்பு இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

மெஷினே வேண்டாம் என்பது எங்கள் கட்சி இல்லை. விருப்பு வாக்கு எண்ணும்போது களைத்த கண்ணுக்குப் பிழை வரலாம். கடதாசியைக் கடதாசியாகவே வைத்துக்கொண்டு, ஸ்கேனரால் எண்ணி, எழுமாறாகச் சில கட்டுகளைக் கையால் எண்ணி ஒப்பிடுகிற முறை நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் முடிவெடுப்பதற்கு முன் கணக்கு மேசைக்கு வர வேண்டும்.

*நம் கையில் இருக்கும் சட்டம்*

அந்தக் கணக்கைக் கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கைக் குடிமகன் எவரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டால், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். கேட்டதற்குப் பற்றுச்சீட்டுப்போல் ஒரு எழுத்து உடனே தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்றால் அதில் இருந்து 14 நாளுக்குள் தர வேண்டும். தேடி எடுக்கக் கூடுதல் காலம் வேண்டுமென்றால் 21 நாட்கள் வரை நீடிக்கலாம்.

மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

தேர்தல் விஷயம் என்றால் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால், சட்டத்தின் 5 ஆம் பிரிவைக் காட்டுங்கள். தேர்தல் சட்டங்கள் இரகசியமாக வைக்கச் சொன்ன தகவலைத்தான் அங்கே விலக்கியிருக்கிறார்கள். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது இரகசியம். மண்டபத்துக்கும் வாகனத்துக்கும் சாப்பாட்டுக்கும் கட்டிய காசு இரகசியம் இல்லை. கம்பனியின் வர்த்தக இரகசியம் என்ற விலக்கும் அதே பிரிவில் உண்டு. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் தகவலைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று 9 ஆம் பிரிவு. வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னரே உரிய அமைச்சு மக்களுக்கு விவரம் சொல்ல வேண்டும். மெஷின் வந்தால் நிச்சயம் இந்தத் தொகைக்கு மேல்தான்.

கேட்கும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. "ஏன் இவ்வளவு செலவழித்தீர்கள்?" என்று கேட்டால் அது விவாதம், பதில் வராது. "இந்த அறிக்கையின் பிரதியைத் தாருங்கள்" என்று கேட்டால் அது ஆவணம். இருப்பதைத் தரத்தான் வேண்டும். ஆகவே இப்படிக் கேட்கலாம்:

1. 2024 பாராளுமன்றத் தேர்தலில் யாழ் தேர்தல் மாவட்டத்தில் வாக்கெண்ணும் பணிக்குச் செலவான மொத்தத் தொகை. அலுவலர் கொடுப்பனவு, போக்குவரத்து, மண்டபம், உணவு, அச்சு என்று பிரித்த விவரம்.

2. 2025 உள்ளூராட்சித் தேர்தலில் நம் பிரதேச சபைக்குரிய வாக்கெண்ணலுக்கும் அதே விவரம்.

3. மின்னணு வாக்களிப்பு அல்லது மின்னணு வாக்கெண்ணல் பற்றித் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் உள்ள சாத்தியவள அறிக்கைகள், செலவு மதிப்பீடுகளின் பிரதிகள்.

4. இது தொடர்பாக ஏதாவது கம்பனியோ வெளிநாட்டு நிறுவனமோ கொடுத்த முன்மொழிவு, விலைக்குறிப்பு இருந்தால் அவற்றின் பிரதிகள்.

5. அந்த மதிப்பீடுகளில் களஞ்சியம், பராமரிப்பு, மென்பொருள் உரிமம், சுயாதீனப் பரிசோதனை, மாற்றீடு ஆகியவற்றுக்குக் காட்டிய தொகைகள்.

முதல் இரண்டையும் யாழ் மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்திடமும் கொழும்புத் தலைமையகத்திடமும் தனித்தனியே கேட்கலாம். பதில் ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆணைக்குழுவின் விதிப்படி முதல் நான்கு பக்கப் பிரதி இலவசம், பிறகு ஏ4 பக்கம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் அளவில்தான்.

வாசிகசாலைகள், சனசமூக நிலையங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்கள், யாரும் இதைச் செய்யலாம். உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் கிடைக்காது. கடிதம் எழுத உதவி வேண்டியவர்கள் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம். வருகிற பதிலை, நல்லதோ கெட்டதோ, அப்படியே இங்கே போடுவோம்.

லண்டன்காரருக்கு அந்தக் கணக்கு மெஷின் வாங்கிய பிறகு கிடைத்தது. அயர்லாந்துக்காரருக்கு மெஷின் இரும்புக்குப் போகும்போது முழுதாகத் தெரிந்தது. நமக்கு இன்னும் மெஷின் வரவில்லை. கேட்பதற்கு நல்ல நேரம் இதுதான்.

பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள்.